கன்சோல் டெவ்கிட்டும் முன்மாதிரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் கன்சோல்களின் டெவ்கிட், டெஸ்ட் கிட், முன்மாதிரி வன்பொருள் இவற்றைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கையில் ஒரு டெவ்கிட் வந்து சேர்ந்து, அதை மின்சாரத்தில் செருகப் போகிற நிலையில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். நேராக "ஒரு டெவ்கிட் கிடைத்துவிட்டது" என்ற கேள்விக்குப் போங்கள். மற்றவற்றைப் பிறகு படிக்கலாம்.

டெவ்கிட் என்றால் என்ன? கடையில் வாங்கிய கன்சோலிலேயே கேம் எழுத முடியாதா?

கடையில் விற்கும் கன்சோல் ஒரு பூட்டிய பெட்டி. தயாரித்த நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற வட்டு அல்லது கார்ட்ரிட்ஜ் தவிர வேறெதையும் ஏற்காதபடி செய்யப்பட்டது. கேம் எழுதுகிறவரின் தேவை வேறு. ஒரே நாளில் பலமுறை நிரலை மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடுகிறபோதே நடுவில் நிறுத்தி, நினைவகத்தின் எந்த இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ஃப்ரேமை, அதாவது திரையில் ஓடும் ஒரு தனிப் படத்தை, வரைய எத்தனை மில்லி நொடி ஆகிறது என்று அளக்க வேண்டும். இதற்காகக் கன்சோல் நிறுவனமே கேம் ஸ்டுடியோக்களுக்குத் தரும் தனி இயந்திரம்தான் டெவ்கிட். கன்சோலில் இருக்கும் அதே சிப்கள் இதிலும் இருக்கும். கணினியோடு பேச ஓர் இணைப்பும், பெரும்பாலும் கூடுதல் நினைவகமும் சேர்ந்திருக்கும்.

பெட்டி பாதிதான். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், ஆயத்த நிரல் துண்டுகளான லைப்ரரி, பிழை தேடும் டீபக்கர், கையேடு ஆகியவை மறுபாதி. மென்பொருள் இல்லாமல் பெட்டி மட்டும் கிடைத்தால், பல மாடல்களில் திரையில் ஒரு வெற்று மெனுவைப் பார்ப்பதோடு சரி.

ஆரம்ப காலத்தில் இந்த ஏற்பாடெல்லாம் ஒழுங்காக இருக்கவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த ரேர் நிறுவனம், நிண்டெண்டோவின் 8 பிட் கன்சோலைத் தானே பிரித்து ஆராய்ந்து, அதற்கு நிரல் எழுதும் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் நிண்டெண்டோவின் கதவைத் தட்டியது.

டெவ்கிட், டெஸ்ட் கிட், டீபக் யூனிட், முன்மாதிரி எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. விலை கேட்கும் முன் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

டெவ்கிட் நிரலாளரின் மேசையில் இருப்பது. கணினியோடு இணைந்து வேலை செய்யும். டெஸ்ட் கிட் அல்லது டீபக் யூனிட் என்பது சோதனை செய்பவர்களுக்கும் கேம் பத்திரிகைகளுக்கும் போனது. பார்க்கப் பெரும்பாலும் கடைக் கன்சோல் மாதிரியே இருக்கும். நினைவகமும் பல மாடல்களில் அதே அளவுதான். ஸ்டுடியோவில் எழுதிய சாதாரண வட்டையும் ஓட்டும் என்பதே முக்கிய வேறுபாடு. முதல் பிளேஸ்டேஷனின் நீல நிற, பச்சை நிற டீபக் யூனிட்கள் இந்த வகை. அவற்றை டெவ்கிட் என்று சொல்லி விற்பவர்கள் ஏராளம்.

முன்மாதிரி என்பது இன்னும் முடிவாகாத கன்சோலின் வன்பொருள். அதிலும் படிகள் உண்டு. முதலில் சுற்று வேலை செய்கிறதா என்று பார்க்கும் போர்டு, அடுத்து வடிவமைப்பைச் சரிபார்க்கும் யூனிட், கடைசியில் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையைச் சோதிக்கும் யூனிட். லேபிள்களில் இவற்றுக்கு முறையே ஈவிடி, டிவிடி, பிவிடி என்ற சுருக்கங்களைக் காண்பீர்கள். இங்கே டிவிடி என்றால் வட்டு அல்ல, வடிவமைப்புச் சோதனை என்று பொருள். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு "டிவிடி டிரைவ் உள்ள மாடல்" என்று எழுதப்பட்ட விற்பனை அறிவிப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

கேமின் முன்மாதிரி இன்னொரு தனி வகை. வெளியீட்டுக்கு முந்தைய ஒரு நாளில் அந்த கேம் எப்படி இருந்ததோ, அந்த நிலையைத் தாங்கிய கார்ட்ரிட்ஜ் அல்லது வட்டு அது. அது டெவ்கிட்டின் ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கலாம். அதனால்தான் பெட்டியைவிட உள்ளே இருப்பது பெரிது என்று இந்தப் பக்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டெவ்கிட்டில் நினைவகம் ஏன் கூடுதலாக இருக்கிறது?

முடிக்காத நிரல் குண்டாக இருக்கும். டீபக் செய்யத் தேவையான தகவல்கள், சுருக்கப்படாத படங்கள், அளவிடும் கருவிகள் எல்லாம் அதோடு சேர்ந்து நினைவகத்தில் உட்கார வேண்டும். கடைப் பெட்டியின் அளவு மட்டுமே இருந்தால் வேலையைத் தொடங்கவே முடியாது.

முதல் பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட், டெவ்கிட்டில் 8. பிளேஸ்டேஷன் 2-இல் 32 மெகாபைட்; அதன் டெவ்கிட்டான டிடிஎல்-டி10000-இல் 128. முதல் எக்ஸ்பாக்ஸில் 64, டெவ்கிட்டில் 128. இந்த எக்ஸ்பாக்ஸ் விஷயத்தில் ஓர் அழகு உண்டு. கடையில் விற்ற பெட்டியின் மதர்போர்டிலேயே கூடுதல் நினைவகச் சிப்களுக்கான இடங்கள் காலியாக விடப்பட்டிருந்தன. பின்னாளில் பொறுமைசாலிகள் அந்த இடங்களில் சிப்களைச் சாலிடர் செய்து 128 ஆக்கிக்கொண்டார்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் காலத்திலும் கதை அதேதான்: கடையில் 12 ஜிகாபைட், டெவ்கிட்டில் 24. கிராஃபிக்ஸ் சிப்பிலும் கடைப் பெட்டியில் 40 கணிப்பு அலகுகள் இயங்கின, டெவ்கிட்டில் 44.

இந்த வசதியிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. 8 மெகாபைட்டில் மாதக்கணக்கில் வேலை செய்து பழகிய குழு, 2 மெகாபைட்டுக்குள் கேமை அடக்க வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும். அந்த நாள் வரும்போது பாதி எதிரிகளும் பாதி ஒலிகளும் வெளியே போக வேண்டியிருக்கும். பழைய கேம்களின் முன்மாதிரிகளில் இறுதி வடிவத்தில் இல்லாத அறைகளும் பாத்திரங்களும் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். டெஸ்ட் கிட் தேவைப்பட்டதும் இங்கேதான். கடைப் பெட்டியின் அளவுக்குள் கேம் ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் வட்டை அச்சுக்கு அனுப்ப முடியாது.

கன்சோலே இன்னும் பிறக்காத நிலையில் அதற்கு கேம் எழுதியது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கன்சோல் விற்பனைக்கு வரும் நாளில் கேம்களும் கடையில் இருக்க வேண்டும். ஒரு கேமுக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு வேண்டும். அப்படியென்றால் சிப் கைக்கு வரும் முன்பே எழுதத் தொடங்க வேண்டும். எனவே "ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வேறொரு இயந்திரத்தைக் கொடுப்பார்கள்.

எக்ஸ்பாக்ஸ் 360-இன் முதல் டெவ்கிட்கள் ஆப்பிளின் பவர் மேக் ஜி5 கணினிகள். மைக்ரோசாஃப்ட்டின் கன்சோலுக்கு ஆப்பிளின் கணினியா என்று வியப்பாக இருக்கும். ஆனால் காரணம் எளிது. அந்தக் கன்சோலின் மையச் செயலி ஐபிஎம் செய்த பவர்பிசி வகை. அதே வகைச் செயலியோடு, கடையில் உடனே கிடைத்த வலுவான கணினி அந்த மேக்தான். 2005 மே மாதம் ஈ3 கண்காட்சியில் மக்கள் விளையாடிப் பார்த்த டெமோக்களை ஓட்டியவையும் அவையே. கன்சோல் அதே ஆண்டு நவம்பரில் விற்பனைக்கு வந்துவிட்டது.

நிண்டெண்டோ 64-இன் சிப்களை வடிவமைத்தது சிலிக்கான் கிராஃபிக்ஸ். அதனால் அந்த நிறுவனத்தின் இண்டி கணினிக்குள் ஒரு போர்டைச் செருகி டெவ்கிட் ஆக்கினார்கள். கன்சோல் முழுக்க அந்த ஒரு போர்டில் அடங்கியிருந்தது. அதற்கும் முன்னால், போர்டு தயாராகாத காலத்தில், ஓனிக்ஸ் என்ற மிகப் பெரிய இயந்திரத்தில் வேலை நடந்தது. 3டிஓ கன்சோலுக்கு மேக்கின்டாஷ் கணினியில் எழுதினார்கள். அட்டாரி லிங்க்ஸ் கையடக்கக் கன்சோலுக்கு அமிகா. அதை வடிவமைத்த ஆர். ஜே. மிக்கலும் டேவ் நீடிலும் அமிகாவை உருவாக்கிய குழுவிலிருந்து வந்தவர்கள், அதனால் அது இயல்பான தேர்வு.

நிண்டெண்டோ வீ-யின் கதை இன்னும் எளிமையானது. உள்ளே இருக்கும் சிப்கள் அதற்கு முந்தைய நிண்டெண்டோ கன்சோலான கேம்கியூபின் வழிவந்தவை என்பதால், தொடக்கத்தில் கேம்கியூபையே டெவ்கிட்டாகக் கொடுத்து, புதிய கண்ட்ரோலரை மட்டும் வயரோடு சேர்த்துக் கொடுத்தார்கள். கேம்கியூபின் துளையில் செருகும்படி வயர் நீட்டிக்கொண்டிருக்கும் அப்படியொரு வீ ரிமோட், பின்னாளில் ஜப்பானிய ஏலத் தளம் ஒன்றில் தலைகாட்டியது.

இவற்றில் வரலாற்றை மாற்றியது முதல் பிளேஸ்டேஷன்தான் என்பது என் கருத்து. சோனி முதலில் நியூஸ் என்ற பெயரிலான தன் ஒர்க்ஸ்டேஷன்களை, அதாவது தொழில்முறைக் கணினிகளை, அடிப்படையாகக் கொண்ட பெரிய பெட்டிகளைத்தான் டெவ்கிட் என்று காட்டியது. பிரிட்டனில் ஆண்டி பெவரிட்ஜ், மார்ட்டின் டே என்ற இருவர் நடத்திய எஸ்என் சிஸ்டம்ஸ், சாதாரண கணினியில் செருகக்கூடிய போர்டுகளையும் சை-க்யூ என்ற மென்பொருளையும் செய்து காட்டியது. டிடிஎல்-எச்2000 என்ற அந்த டெவ்கிட், அன்றைய கணினிகளில் செருகும் ஐஎஸ்ஏ வகைக் கார்டுகள் இரண்டு, அவ்வளவுதான். கேம் எழுதுகிறவரின் மேசையில் ஏற்கெனவே இருந்த கணினிக்குள் பிளேஸ்டேஷன் போய் உட்கார்ந்துகொண்டது. சிறிய ஸ்டுடியோக்கள் அந்தக் கன்சோல் பக்கம் குவிந்ததற்கு இந்த வசதி பெரிய காரணம். சோனி 2005-இல் எஸ்என் சிஸ்டம்ஸையே வாங்கிவிட்டது.

எமுலேட்டரில் ஓட்டிச் சோதித்தால் போதாதா?

எமுலேட்டர் என்பது கன்சோலைப்போல நடிக்கும் கணினி மென்பொருள். பெரும்பாலான வேலைக்கு அது போதும். ஆனால் வன்பொருளில் மட்டுமே பிறக்கும் பிழைகள் உண்டு. முதல் பிளேஸ்டேஷனுக்கான கிராஷ் பாண்டிகூட் கேமை எழுதிய குழுவின் நிரலாளர் டேவ் பேகெட் பின்னாளில் எழுதிய அனுபவம் ஒன்று இதற்கு நல்ல சான்று. மெமரி கார்டில் சேமிக்கும்போது எப்போதாவது ஒருமுறை தகவல் கெட்டுப்போனது. நிரலைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தும் காரணம் தெரியவில்லை. கடைசியில் அகப்பட்டது இது: அவர்கள் ஒரு டைமரை நொடிக்கு 1000 துடிப்பு என்று வைத்திருந்தார்கள். அந்த வேகத்தில், கண்ட்ரோலரை அசைத்துக்கொண்டே கார்டில் எழுதினால், சுற்றில் ஒன்றின் மின்சைகை மற்றொன்றில் கலந்தது. நிரலில் ஒரு வரிகூடத் தவறில்லை. இப்படியொரு பிழையை எந்த எமுலேட்டரும் காட்டாது.

டெவ்கிட்கள் பார்க்க ஏன் இவ்வளவு விசித்திரமாக இருக்கின்றன?

யாருடைய வரவேற்பறைக்கும் போகாத பெட்டி என்பதால். காற்றோட்டம், பல இணைப்புகள், நாள் முழுக்க ஓடினாலும் தாங்கும் குளிர்விப்பு ஆகியவைதான் முக்கியம். 2019-இல் காப்புரிமை ஆவணங்களில் வெளிவந்த, நடுவில் ஆங்கில 'வி' எழுத்துபோலப் பள்ளம் விழுந்த பெட்டி பிளேஸ்டேஷன் 5-இன் டெவ்கிட்தான். கடைக்கு வந்த கன்சோலுக்கும் அதற்கும் உருவத்தில் ஒட்டுமில்லை உறவுமில்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் டெவ்கிட்டின் முகப்பில் ஒரு சிறு திரையும் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் ஐந்து பொத்தான்களும் உண்டு. கடைப் பெட்டிக்கும் அப்படி வைத்திருக்கலாமே என்று எனக்கு இன்னும் ஆசை.

மேடையில் முதன்முதலாகக் காட்டுவது உண்மையான கன்சோல்தானா?

எப்போதும் அல்ல. 2000 மார்ச்சில் கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ் மேடையில் பில் கேட்ஸ் காட்டிய எக்ஸ்பாக்ஸ், எக்ஸ் எழுத்தின் வடிவில் அலுமினியத்தைக் கடைந்து செய்த வெள்ளி நிறப் பொருள். விற்பனைக்கு வந்தது கறுப்புப் பெட்டி. 2005-இல் சோனி காட்டிய பூமராங் வடிவ பிளேஸ்டேஷன் 3 கண்ட்ரோலர் கடைக்கு வரவே இல்லை.

நிண்டெண்டோவும் சோனியும் சேர்ந்து செய்த பிளேஸ்டேஷன் உண்மையா?

உண்மை. சூப்பர் நிண்டெண்டோவுக்கு சிடி வசதி சேர்க்க இரு நிறுவனங்களும் 1988-இல் ஒப்பந்தம் போட்டன. 1991 ஜூன் மாதம் சிகாகோவில் நடந்த மின்னணுக் கண்காட்சியில் சோனி இந்த இயந்திரத்தை அறிவித்தது. மறுநாளே, அதே கண்காட்சியில், நிண்டெண்டோ சிடி விஷயத்தில் பிலிப்ஸ் நிறுவனத்தோடு சேர்வதாக அறிவித்தது. சோனி பிற்பாடு தனியாகவே கன்சோல் செய்யப் போனதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

செய்த முன்மாதிரிகள் எல்லாம் அழிந்துவிட்டன என்றே பலர் நம்பினார்கள். 2015-இல் ஒன்று வெளிவந்தது. திவாலான ஒரு நிதி நிறுவனத்தின் பொருள்களை ஏலம் விட்டபோது, மற்ற சாமான்களோடு சேர்ந்து ஒருவர் கைக்குப் போய்ப் பரணில் கிடந்த பெட்டி அது. சூப்பர் நிண்டெண்டோ கார்ட்ரிட்ஜுக்கு மேலே ஒரு துளை, முன்னால் சிடி டிரைவ், கண்ட்ரோலரில் சோனியின் பெயர். கார்ட்ரிட்ஜ் ஓடியது, சிடி பகுதி செயலற்றிருந்தது. பென் ஹெக் என்று அறியப்பட்ட வன்பொருள் கலைஞர் அதைப் பிரித்துப் பார்த்து சிடி டிரைவை மறுபடி இயக்கினார். 2020 மார்ச்சில் ஹெரிடேஜ் ஆக்‌ஷன்ஸ் ஏலத்தில் அது 3,60,000 டாலருக்குப் போனது.

இதில் விலை எனக்கு இரண்டாம்பட்சம். பழுது பார்க்க ஒருவரிடம் திறந்து கொடுத்தார்களே, அதுதான் பெரிது. போர்டின் படங்களும் சிப்களின் எண்களும் எல்லோருக்கும் கிடைத்தன. கண்ணாடிப் பேழைக்குள் நேராகப் போயிருந்தால் அந்த இயந்திரம் பற்றி நமக்கு அதன் வெளித்தோற்றம் மட்டுமே தெரிந்திருக்கும்.

தனி ஆள் டெவ்கிட் வாங்க முடியுமா?

வழக்கமாக, பதிவு செய்த நிறுவனமாக இருந்து, ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் கிடைக்கும். விலையும் ஒரு காலத்தில் மிரட்டியது. 2009-இல் சோனி பிளேஸ்டேஷன் 3 டெவ்கிட்டின் விலையை 2000 டாலராகக் குறைத்தபோது அதுவே பெரிய செய்தியானது. அதற்கு முன் அது பல மடங்கு. 2013-இல் மைக்ரோசாஃப்ட் தொடங்கிய ஐடி@எக்ஸ்பாக்ஸ் திட்டம், தேர்வான சிறு குழுக்களுக்கு இரண்டு டெவ்கிட்களை இலவசமாகவே தந்தது.

ஆர்வலருக்கென்றே கதவு திறந்த தருணங்களும் உண்டு. 1996-இல் ஜப்பானில் 1,20,000 யென்னுக்கு வந்த நெட் யாரோஸ் அதில் முதன்மையானது. கறுப்பு நிற பிளேஸ்டேஷன், கணினியோடு இணைக்க ஒரு சீரியல் கேபிள், கம்பைலர், கையேடுகள். கூடுதல் நினைவகம் கிடையாது. கேம் முழுவதும் கடைப் பெட்டியின் 2 மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும். "யாரோஸே" என்றால் ஜப்பானிய மொழியில் "வா, செய்வோம்" என்று பொருள். டெவில் டைஸ் என்ற புதிர் விளையாட்டு இதில் தொடங்கி முழு வெளியீடாக வளர்ந்தது. அடுத்து பிளேஸ்டேஷன் 2-க்கு ஹார்ட் டிஸ்க், விசைப்பலகை, மவுஸோடு ஒரு லினக்ஸ் கிட் வந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் முதல், கடையில் வாங்கிய பெட்டியையே டெவலப்பர் மோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். முழு வசதி இருக்காது. கற்றுக்கொள்ள அது தாராளம்.

பழைய கன்சோலுக்கு கேம் எழுத ஆசை என்றால் பழைய டெவ்கிட்டைத் தேடி அலைய வேண்டாம். ஆர்வலர்கள் எழுதிய திறந்த மூலக் கருவிகள் இன்று பல விதங்களில் அன்றைய அதிகாரபூர்வக் கருவிகளைவிட நன்றாக இருக்கின்றன.

பழைய டெவ்கிட்டை வைத்திருப்பது குற்றமா?

சட்ட ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கில்லை, நடைமுறையைச் சொல்கிறேன். டெவ்கிட்கள் பெரும்பாலும் கடனாகவோ, விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடோ கொடுக்கப்பட்டவை. வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லும். ஆனால் ஸ்டுடியோக்கள் மூடப்பட்டன, கிடங்குகள் ஏலத்துக்குப் போயின, மறுசுழற்சிக்கு அனுப்பிய பெட்டிகள் நசுக்கப்படாமல் வெளியே வந்தன. இருபது, முப்பது ஆண்டு பழைய பெட்டிகளை நிறுவனங்கள் பெரும்பாலும் தேடி வருவதில்லை.

இன்று விற்பனையில் இருக்கும் கன்சோலின் டெவ்கிட் வேறு சங்கதி. 2012-இல், எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிவிக்கப்படும் முன்பே, டுராங்கோ என்ற ரகசியப் பெயரில் இருந்த அதன் டெவ்கிட் ஈபேயில் விற்பனைக்கு வைக்கப்பட்டது. அதைச் சுற்றி நடந்தவை காவல்துறை வரை போயின. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒரு டெவ்கிட் கிடைத்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

மின்சாரத்தில் செருகாதீர்கள். அதன் பிறகு சொல்வதெல்லாம் இந்த ஒன்றுக்குக் கீழே.

ஹார்ட் டிஸ்க் உள்ள டெவ்கிட்டை இயக்கினாலே அது டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். அழிக்கப்பட்டதாகத் தோன்றும் இடங்களில் பழைய கோப்புகள் இன்னும் படுத்திருக்கலாம். புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு துளியும் அவற்றின் மேல் விழும். வீ-யின் டெவ்கிட் வகைகளில் ஒன்றான ஆர்விடி-எச் ரீடர் இதற்கு நல்ல உதாரணம். அதில் ஒரு கேமை "நீக்கினால்" பட்டியலில் உள்ள பதிவு மட்டும்தான் போகும், கேமின் தகவல் டிஸ்க்கிலேயே கிடக்கும். வேறொன்று அதன் மேல் எழுதப்படாதவரை மீட்டுவிடலாம், பலர் மீட்டிருக்கிறார்கள்.

எனவே திறந்து, முதலில் படம் எடுங்கள். எல்லா லேபிள்களையும், ஒட்டிய துண்டுக் காகிதங்களையும், சிப் எண்களையும். ஸ்டுடியோ ஆட்கள் பேனாவால் கிறுக்கிய "கட்டம் 3 வேலை செய்யவில்லை" போன்ற வரி, எந்த நாளின் நிரல் உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிடும். அழுக்கு என்று துடைக்காதீர்கள். படங்களைப் பொதுவில் போடும் முன், தனிநபர் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தால் மறைத்துவிடுங்கள்.

பிறகு டிஸ்க்கைக் கழற்றி, எழுதுவதைத் தடுக்கும் அடாப்டர் வழியாகக் கணினியில் இணைத்து, முதல் செக்டரிலிருந்து (டிஸ்க்கின் மிகச் சிறிய பகுதி) கடைசி வரை முழு நகல் எடுங்கள். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. விண்டோஸ் "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்க் முனகினால், தட்டினால், உடனே நிறுத்துங்கள். மோசமான செக்டர்களைத் தாண்டிப் போய்ப் பிறகு திரும்பி வரும் டிடிரெஸ்க்யூ போன்ற கருவி அறிந்தவரிடம் கொடுங்கள். கடையில் விற்ற முதல் எக்ஸ்பாக்ஸில் டிஸ்க்கும் மதர்போர்டும் கடவுச்சொல்லால் பிணைக்கப்பட்டவை; ஒன்றை மற்றதிலிருந்து பிரித்து விற்றுவிட்டால் டிஸ்க் வாய் திறக்காது. அந்தக் குடும்பத்துப் பெட்டி எதுவானாலும் இரண்டையும் சேர்த்தே வைத்திருங்கள்.

அதே எக்ஸ்பாக்ஸ் தலைமுறையில் கடிகாரத்துக்கென ஒரு கெப்பாசிட்டர் உண்டு. அது கசிந்து போர்டின் தடங்களை அரித்துவிடும். பல பதிப்புகளில் இது உறுதியாக நடப்பது. அந்தப் பதிப்புகளில் பார்த்தவுடன் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அது இல்லாமலும் அவை ஓடும்.

கார்ட்ரிட்ஜ் காலத்து முன்மாதிரிகளில் ஈப்ராம் சிப்கள் இருக்கும். சிப்பின் முதுகில் சிறிய கண்ணாடி ஜன்னல். புற ஊதா ஒளி பட்டால் உள்ளே உள்ளது அழியும். அழிப்பதற்காகவே வைத்த ஜன்னல் அது. மேலே ஒட்டிய காகிதம்தான் காவல், அதைப் பிய்க்காதீர்கள். உதிர்ந்திருந்தால் உடனே கறுப்பு நாடாவால் மூடுங்கள். ஒளி படாவிட்டாலும் பத்தாண்டுகள் போகப்போக மின்னேற்றம் கசிகிறது. சிப்பைக் குறைந்தது மூன்று முறை படித்து, மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

எழுதத்தக்க சிடிகளில் உள்ள சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் சிதையும். குறைந்த வேகத்தில் படியுங்கள், இருட்டில் வையுங்கள், மேலே புதிதாக எதுவும் ஒட்டாதீர்கள்.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்ல என் சொந்த இழப்பு ஒன்று காரணம். ஒருமுறை மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்த டெவ்கிட்டை வாங்கினேன். பெயரளவில் அறிவிக்கப்பட்டு கைவிடப்பட்ட ஒரு கேமின் பெயர் அதன் லேபிளில் இருந்தது. விற்றவர் நல்ல எண்ணத்தில், "புதுசு மாதிரி" அனுப்ப வேண்டும் என்று டிஸ்க்கை முழுக்கப் பூஜ்யங்களால் நிரப்பி அனுப்பினார். பெட்டி இன்றும் அருமையாக ஓடுகிறது. அந்த கேமை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பே "டிஸ்க்கைத் தொடாதீர்கள்" என்று எழுதிக் கேளுங்கள்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளி உறையை நம்பாதீர்கள். நீல பிளேஸ்டேஷன் உறையைச் சாயம் அடித்தே செய்துவிடலாம். எழுதிய சிடி ஓடுகிறது என்பதும் சான்று அல்ல. கன்சோலின் பூட்டை ஏமாற்றும் மாட் சிப் வைத்த சாதாரணப் பெட்டியும் அதைச் செய்யும். திறந்த நிலையில் மதர்போர்டின் படத்தைக் கேளுங்கள். ஒட்டுக் கம்பிகள் இருக்கின்றனவா, மாடல் எண்ணும் போர்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். படம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

டெவ்கிட்டில் கடையில் வாங்கிய கேம் ஓடுமா?

மாடலைப் பொறுத்தது. முதல் பிளேஸ்டேஷனின் டீபக் யூனிட் எந்த நாட்டு வட்டையும் ஏற்கும். பின்னாளைய டெவ்கிட்கள் பலவற்றில், கேம் ஒப்புதல் பெற்றதுதானா என்று சரிபார்க்கும் கையொப்பச் சாவிகளே வேறு, எனவே ஓடாது. விளையாடுவதற்காக டெவ்கிட் வாங்காதீர்கள்.

உள்ளே வெளிவராத கேம் இருந்தால் பொதுவில் விடலாமா?

பதிப்புரிமை இன்னும் யாரிடமாவது இருக்கும், அதை மறைக்க முடியாது. ஆனால் நகல் எடுப்பது ஒன்று, பரப்புவது வேறொன்று. நகல் இன்றே எடுக்கப்பட வேண்டும். பரப்புவது பற்றி நிதானமாக யோசிக்கலாம். அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன், ரோச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் போன்ற இடங்கள் இத்தகைய பொருள்களை முறையாகப் பாதுகாக்கின்றன.

முன்மாதிரிகளை வெளியிடுவதற்கென்றே ஹிட்டன் பேலஸ் என்ற ஆர்வலர் குழு இயங்குகிறது. 2021-இன் தொடக்கத்தில், பல ஆண்டுகளாகத் தேடப்பட்ட, முதல் 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்' கேமின் முன்மாதிரியை வெளியிட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2 கேம்களின் 700-க்கும் மேற்பட்ட முன்மாதிரிகளை ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். இதை நான் ஆதரிக்கிறேன். நிறுவனத்தின் சர்வரை உடைத்துத் திருடிய கோப்புகளை ஆதரிக்கவில்லை. அதில் ஊழியர்களின் தனிப்பட்ட தகவல்களும் சேர்ந்து வெளியே போகின்றன.

உரிமையாளரே வெளியிட்டால் அதைவிட நல்லது எதுவுமில்லை. 1990-களின் நடுவிலேயே முடிந்தும் கிடப்பில் போடப்பட்ட ஸ்டார் ஃபாக்ஸ் 2-ஐ நிண்டெண்டோ 2017-இல் சூப்பர் நிண்டெண்டோவின் சிறு வடிவக் கன்சோலில் சேர்த்து விற்றது. அந்த நகல் நிறுவனத்துக்குள் பத்திரமாக இருந்ததால்தான் அது நடந்தது.

இன்றைய டெவ்கிட்களும் முப்பது ஆண்டு கழித்து இப்படிக் கிடைக்குமா?

எனக்குக் கவலை தருவது இதுதான். டிடிஎல்-எச்2000 கார்டுகளை ஒரு பழைய கணினியில் செருகினால் இன்றும் வேலை செய்கின்றன, யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பிளேஸ்டேஷன் வீட்டா காலம் முதல் நிலைமை மாறிவிட்டது. டெவ்கிட்டையும் டெஸ்ட் கிட்டையும் நிறுவனத்தின் வழியாக ஆக்டிவேட் செய்ய வேண்டும். அதற்குக் காலாவதித் தேதி உண்டு. புதுப்பிக்காவிட்டால் கேமை ஓட்டாது. கேமின் கோப்புகளும் இப்போது பெட்டிக்குள் தங்குவதில்லை, ஸ்டுடியோவின் சர்வரில் இருக்கின்றன. ஸ்டுடியோ மூடப்பட்டால் பெட்டியை யாரோ குப்பையிலிருந்து எடுத்துவிடலாம், சர்வரை எடுக்க முடியாது.

இதைப் படிப்பவர்களில் கேம் ஸ்டுடியோவில் வேலை செய்பவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். ஒரு திட்டம் கைவிடப்படும் நாளில், கடைசியாக ஓடிய பதிப்பையும் அதைக் கட்டும் கருவிகளையும் ஒரே தொகுப்பாக்கி, நிறுவனத்துக்குள்ளேயே இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்க உங்கள் தலைமையிடம் அனுமதி கேளுங்கள்.